கொல்கத்தா: தன்வினையில் சாவு, தன்வினையில் வளர்ச்சி

கொல்கத்தாவைப் பற்றிய பொதுப்பேச்சில் இரண்டு வாக்கியங்களே திரும்பத் திரும்பப் புழங்குகின்றன. 'கொல்கத்தா செத்துக்கொண்டிருக்கிறது' என்பது பழையது. 'கொல்கத்தா வளர்ந்துகொண்டிருக்கிறது' என்பது புதியது. முன்னதை 1985-இல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியே சொன்னார். அதன் பின்னர் அது அந்நகரின் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. பின்னதை இன்று அந்நகரின்மீது பற்றுக்கொண்டோர் சொல்கின்றனர். மைதானத்தின் பசும்பரப்பை நோக்கியவாறு சௌரங்கிச் சாலையில் 60-க்கும் மேற்பட்ட தளங்களுடன் நிற்கும் 'தி 42', நியூ டவுனின் கண்ணாடிக் கட்டடங்கள், கிழக்குப் புறவழிச்சாலையை ஒட்டி எழுந்த அடுக்குமாடிகள் ஆகியவற்றின் படங்களை அடுக்கி, 'மும்பைக்கும் பெங்களூருவுக்கும் இது எதில் குறைந்தது?' என்று கேட்கின்றனர். உரிய மதிப்பு கிட்டாத மாநகரம் என்பது அவர்களது முறையீடு.

முறையீடு நியாயமானது. அதற்கு அவர்கள் காட்டும் சான்றுதான் பிழையானது.

இரு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினாலும் இலக்கண அமைப்பில் அவை ஒன்றே. 'சாகிறது', 'வளர்கிறது' இரண்டும் தன்வினைகள். தன்வினைக்கு எழுவாய் போதும். செய்வித்தவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. மரம் வளர்வதுபோல நகரம் வளர்கிறது. முதுமையில் உடல் ஒடுங்குவதுபோல நகரம் சாகிறது. 'வளர்க்கிறார்கள்' என்று பிறவினையில் சொல்லிப் பார்த்தால் போதும்: யார் வளர்க்கிறார்கள், எதை அழித்து வளர்க்கிறார்கள் என்ற வினாக்கள் தாமே வந்து நிற்கும். அவ்வினாக்களைத் தவிர்ப்பதில் பழிப்போரும் புகழ்வோரும் ஒரே அணியினர்.

முதலில் 'சாவு'. 1911-இல் தலைநகரைத் தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு வந்தது. 1947-இல் வரையப்பட்ட எல்லைக்கோடு ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகளை இந்தியாவிலும், அவற்றுக்குச் சணல் தந்த வயல்களின் பெரும்பகுதியைக் கிழக்குப் பாகிஸ்தானிலும் நிறுத்தியது. வீடிழந்து வந்த இலட்சக்கணக்கான அகதிகளை இந்நகரே தாங்கியது. 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை நீடித்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, இரும்பும் உருக்கும் நாடெங்கும் ஒரே விலையில் கிடைக்கச் செய்தது; சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் அருகில் இருந்ததால் கிழக்கு இந்தியாவுக்கு வாய்த்திருந்த இயல்பான ஆதாயம் அரசாணையால் பறிபோனது. 'கெரோ' எனப்பட்ட முற்றுகைகளும், மாநில ஆட்சிகளின் தவறுகளும், எழுபது எண்பதுகளின் மின்வெட்டும் இந்தச் சரிவில் பங்கு வகித்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இவை அனைத்துக்கும் செய்தவர் உண்டு, தேதி உண்டு. 'செத்துக்கொண்டிருக்கும் நகரம்' என்ற தொடரில் அவர்களுள் எவருமே இல்லை.

அடுத்து 'வளர்ச்சி'. கொல்கத்தாவின் நிலம் ஹூக்ளி ஆற்றை நோக்கி அன்று, அதற்கு எதிர்த்திசையில், கிழக்கே சரிகிறது. ஆகவே நகரின் கழிவுநீர் ஆற்றில் விழாமல் கிழக்குச் சதுப்புகளை நோக்கி ஓடுகிறது. அங்குள்ள மீனவரும் உழவரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து அந்நீரைக் கையாளும் ஒரு தொழில்நுட்பத்தை உருவாக்கினர். ஆழம் குறைந்த ஏரிகளில் கழிவுநீரை அளவோடு விட்டு வெயிலில் நிறுத்துகிறார்கள். பாசியும் நுண்ணுயிர்களும் கழிவை உணவாக மாற்றுகின்றன. அந்த உணவில் மீன் வளர்கிறது. தெளிந்த நீர் நெல்வயலுக்குப் போகிறது. தாபாவில் நகரக் குப்பை மட்கிய நிலத்தில் காய்கறி விளைகிறது. பெரும்பொருட்செலவில் சுத்திகரிப்பு நிலையங்கள் செய்ய வேண்டிய வேலையை இந்த ஏரிகள் செய்துவிட்டு, நகரத்துக்கு மலிவான மீனையும் கீரையையும் திருப்பித் தருகின்றன.

1980களில், நகரின் கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடிச்சென்ற மாநில அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ் இதை உலக அறிவுலகுக்கு எடுத்துச்சொன்னார். தாம் கற்ற பொறியியலில் இல்லாத ஒன்றை மீனவரிடம் கற்றதாகவே அவர் கருதினார். 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் இச்சதுப்பு நிலத்தைக் காக்கத் தீர்ப்பளித்தது. 2002-இல் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. 2006-இல் தனிச் சட்டமும் வந்தது.

கொல்கத்தாவின் வானில் புதிய கோடு வரையும் கட்டடங்களில் பெரும்பாலானவை எந்தத் திசையில் எழுகின்றன? இதே கிழக்கில்தான். 1960களில் ஹூக்ளியின் வண்டலைக் குழாய்வழி கொண்டுவந்து உப்பு ஏரிகளைத் தூர்த்தே சால்ட் லேக் உருவானது. பின்னர் ராஜர்ஹாட்டின் வயல்களும் குளங்களும் கையகப்படுத்தப்பட்டு நியூ டவுன் ஆயின. தீர்ப்பும் சட்டமும் இருந்தும் பாதுகாக்கப்பட்ட பரப்பின் ஓரங்கள் தொடர்ந்து தூர்க்கப்படுகின்றன. 'நகரம் வளர்கிறது' என்ற தன்வினையின் பிறவினை வடிவம் இதுவே.

இதற்கு ஒரு மறுப்பு வழக்கமாக எழும்: வேலைதேடி ஹைதராபாத்துக்கும் பெங்களூருவுக்கும் போகும் வங்க இளைஞருக்குச் சதுப்பு நிலம் சோறு போடுமா? வேலையும் வீடும் தேவை என்பதில் ஐயமில்லை. உயரமான கட்டடம் குற்றமும் அன்று. ஏற்கெனவே கட்டப்பட்ட நிலத்தில் மேல்நோக்கி உயர்வது ஏரியைத் தூர்த்துப் பரவுவதைவிட மேலானது. ஆனால் ஏரியில் உழைப்பவரும் இந்நகரின் தொழிலாளரே. அவரது தொழில் அழிந்தால் அது வேலையிழப்பு ஆகாதா? மழைநீர் வடிய இடமின்றித் தெருவில் தேங்கும் செலவும், கழிவுநீரைச் சுத்திகரிக்க அரசு கட்ட வேண்டிய நிலையங்களின் செலவும் எந்தக் கணக்கில் எழுதப்படும்? வளர்ச்சியின் பேரேட்டில் வரவுப்பக்கம் மட்டும் நிரப்பப்படுகிறது.

கொல்கத்தாவின் மதிப்பைக் காக்க விரும்புவோருக்குக் கட்டடங்களின் உயரம் தேவையே இல்லை. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984-இல் இங்கேதான் ஓடியது. நாட்டில் முதன்முதலாக ஓர் ஆற்றின் அடியில் மெட்ரோ ஓடியதும் 2024-இல் இங்கேதான். இவற்றுக்கும் மேலாக, கழிவை உணவாக்கத் தெரிந்த நகரம் இது. இதே அளவுள்ள மாநகரங்களில் எத்தனைக்கு அந்தப் பெருமை உண்டு? அந்த அறிவைப் புறந்தள்ளிவிட்டு, வேறு நகரங்கள் செய்த அளவுகோலை இரவல் வாங்கி அதில் நான்காம் இடமோ ஐந்தாம் இடமோ கேட்டு நிற்பதுதான் உண்மையான தாழ்வு.

நகரியல் ஆய்வேடுகள் எழுதுவோருக்கும் இதில் பொறுப்புண்டு. 'வளர்ச்சி' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் வளர்த்தவர் பெயரையும், 'சரிவு' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் சரித்தவர் பெயரையும் எழுதிப் பார்க்கட்டும். அந்த இரண்டு பட்டியல்களும் நிறைந்த பிறகு கொல்கத்தாவின் மதிப்பைப் பேசுவோம் என்றால், அந்தப் பேச்சில் மீனவரும் இடம்பெறுவார்.