மழை சொல்லிவிட்டுத்தான் வருகிறது! கேட்க வேண்டியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்!



சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. மத்தியானத்துக்கு மேல் வானம் இருட்டுகிறது. முதலில் சூறைக்காற்று, அடுத்து இடி, மின்னல், மழை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிறகு போய்ப் பார்த்தால் தார் போட்ட வாழை தரையில் கிடக்கிறது. பிடுங்கிப் போட்ட உளுந்து நனைந்து முளை விடுகிறது. வெடித்த பருத்தி கறுத்துப் போகிறது. கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிய நெல் தண்ணீரில் கிடக்கிறது.

"இயற்கை பண்ணினதுக்கு நாங்க என்னய்யா செய்யறது?" என்று அதிகாரிகள் கையை விரிக்கிறார்கள். நாம் சொல்கிறோம்: மழை இயற்கை. ஆனால் இந்த நட்டத்தில் பாதி மனுஷன் செய்தது!

இது தெரியாமல் வந்த மழையா?

மார்ச் முதல் மே வரை கோடை மழைக் காலம் என்று வானிலைத் துறையே கணக்கு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இந்த மூன்று மாதத்தில் சராசரியாகச் சுமார் 125 மில்லிமீட்டர் மழை உண்டு. வெயிலில் நிலம் கொதித்து, சூடான காற்று மேலே எழும்புகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று வந்து சேருகிறது. இடிமேகம் திரள்கிறது. நம் பாட்டன் பூட்டனுக்கே தெரிந்த விஷயம். இன்றைக்குச் சென்னையிலும் காரைக்காலிலும் டாப்ளர் ராடார் இருக்கிறது. அடுத்த மூன்று மணி நேரத்தில் எந்த மாவட்டத்தில் இடி மழை வரும் என்று வானிலைத் துறை சொல்கிறது. விஞ்ஞானிகளை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் சொல்வது களத்து மேட்டுக்கு வந்து சேருகிறதா என்பதே நம் கேள்வி.

"ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று டி.வி.யில் சொல்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம்? மழை அளக்கும் நிலையங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாது என்று அர்த்தம். அந்தக் கால் பங்கில் நம்ம ஊர் இருக்கிறதா? அதைச் சொல்ல ஆளில்லை. வானிலைச் செய்தியை விவசாயிக்குப் புரியும்படி, வட்டார அளவில் எடுத்துச் சொல்வதற்காக நாடு முழுக்க 199 மாவட்ட வேளாண் வானிலை மையங்கள் தொடங்கினார்கள். 2024 தொடக்கத்தில் அத்தனையையும் மூடச் சொல்லி உத்தரவு போட்டார்கள். ராடாருக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்யலாம். அது சொல்வதை நமக்கு எடுத்துச் சொல்கிறவருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாதா?

நெல்லைக் கொட்டியது நாம். நனைய விட்டது யார்?

ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். சரி, காய வைத்துத்தான் கொண்டு போகிறோம். போனால் சாக்கு இல்லை, லாரி வரவில்லை, "நாளைக்கு வாங்க". நாளை என்பது ஒரு வாரமாகிறது. நெல் திறந்த வெளியில் கிடக்கிறது. தார்ப்பாய் வாடகை நம் தலையில். ராத்திரிக் காவலும் நம் தலையில். நாலாம் நாள் மழை கொட்டுகிறது. ஐந்தாம் நாள் ஈரமானியைக் குத்திப் பார்த்துவிட்டு, "ஈரம் ஜாஸ்தி, காய வச்சு எடுத்துட்டு வாங்க" என்கிறார்கள். காய்ந்து வந்த நெல்லை நனைய விட்டது யார்? அந்த ஈரத்துக்கு நாம் எப்படிப் பொறுப்பு?

இன்னொன்றையும் கவனியுங்கள். காப்பீட்டு விதிப்படி, அறுத்து வயலில் பரப்பிக் கிடக்கும் பயிர் பருவம் தவறிய மழையில் கெட்டால் 14 நாள் வரை இழப்பீடு கேட்கலாம். அதே நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்தால்? அது அந்தக் கணக்கில் வராது. அரசாங்கத்தை நம்பிக் கொண்டு வந்த நெல்லுக்குத்தான் நாதியில்லை!

மழை ஓரிடத்தில், கணக்கு ஊர் முழுக்க!

கோடை இடிமழை தெருவுக்குத் தெரு மாறும். ஒருத்தன் வாழைத்தோப்பு சாயும், அடுத்தவன் தோப்பில் இலைகூட அசையாது. ஆனால் 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் வருவாய் கிராமம் அல்லது பிர்கா முழுவதற்கும் சராசரி பார்க்கிறது. பத்துப் பேர் அழிந்து, மற்றவர் தப்பினால், சராசரியில் "சேதமில்லை". தனித்தனி வயலாகப் பார்ப்பது ஆலங்கட்டி, நிலச்சரிவு போன்ற சிலவற்றுக்கு மட்டுமே. சூறைக்காற்றுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

நிவாரணத்திலும் இதே கதைதான். 2022 முதல் 2026 வரைக்கும் மத்திய அரசு வகுத்த பேரிடர்ப் பட்டியலில் 12 பேரிடர்கள் இருந்தன. ஆலங்கட்டி மழை உண்டு. மின்னலும் சூறைக்காற்றும் இல்லை. ஒரே மேகத்திலிருந்து ஆலங்கட்டி விழுந்தால் பேரிடராம். அதே மேகத்துக் காற்று ஆயிரம் வாழையைச் சாய்த்தால் பேரிடர் இல்லையாம்! வாழை எந்தப் பட்டியலைப் படித்துவிட்டுச் சாய்கிறது?

நெல்லைவிட உயிர் பெரிது

மின்னல் வெட்டும்போது நெல்லை மூடத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் யார்? நாம்தான். ஆடு மாட்டை ஓட்டி வரப் போகிறவள் யார்? நம் வீட்டுப் பெண்தான். தோழர்களே, இடிச் சத்தம் கேட்டாலே மின்னல் நம்மைத் தொடும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். பனைமரத்தடி, புளியமரத்தடியில் ஒதுங்காதீர்கள். பம்ப்செட் கம்பி, கம்பி வேலி பக்கம் போகாதீர்கள். கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். கொள்முதல் நிலையத்தில் கூரை இருந்தால் எவனும் மின்னலில் ஓட வேண்டியதில்லை!

நாம் கேட்பது பிச்சை அல்ல. காப்பீட்டுப் பங்குத் தொகையாக நெல்லுக்கு 2, வாழைக்கு 5 சதவீதம் வரை கட்டுகிறோம். நாம் கேட்பது:

1. இடிமழை எச்சரிக்கை வந்தவுடன் ஒவ்வொரு ஊராட்சியிலும், கொள்முதல் நிலையத்திலும் ஒலிபெருக்கியில் அறிவி! வட்டார வேளாண் வானிலை ஆலோசனையை உறுதி செய்!

2. கொள்முதல் நிலையத்துக்கு வந்த நெல்லுக்கு வந்த நாளிலேயே ஈரப்பதம் பார்த்துச் சீட்டுக் கொடு! அதற்குப் பிறகு நனைந்தால் பொறுப்பை நீ ஏற்றுக்கொள்!

3. எல்லா நிலையத்திலும் கூரை, சிமெண்ட் களம், தார்ப்பாய், நெல் உலர்த்தும் இயந்திரம் அமை!

4. சூறைக்காற்றுச் சேதத்தைத் தனித்தனி வயலாகக் கணக்கெடு! குத்தகை விவசாயிக்கும் நிவாரணம் கொடு!

சேதமான வயலைப் போட்டோ எடுத்து வையுங்கள். காப்பீடு செய்த பயிர் என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுங்கள். வி.ஏ.ஓ.விடம் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். "மழைதானே, விதி" என்று வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த கோடையிலும் இதே அழுகைதான்.

கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நனைந்த நெல்லோடும், சாய்ந்த வாழைத்தாரோடும் திரண்டு வாருங்கள்! கட்சி பாராமல், சாதி பாராமல், சிறு விவசாயி, குத்தகைதாரர், கூலித் தொழிலாளி என்ற பேதம் பாராமல் வாருங்கள்!

மழை ஒதுங்கி நிற்காது. நாமும் ஒதுங்கி நிற்க வேண்டாம்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!