"அவன் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதா?

அம்பத்தூர், ஆவடி பக்கம் "பாவம், குழந்தை மனசு" என்பார்கள். அந்தக் 'குழந்தை'க்கு வயது முப்பது! டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். நேற்றுவரை சிரித்துப் பேசியவன் இப்போது சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, மூலையில் முடங்கிக் கிடக்கிறான். "அவன் அப்படித்தான்" என்று வீட்டார் சொல்வது தெரியாமல். டாக்டரும் அதையே சொன்னால்?

பிறவிக் குறை வேறு, மனச்சோர்வு வேறு. இவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம். அதுவும் ஆளை இப்படித்தான் முடக்கும். முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்கணும். பல்வலி, காதுவலி என்றாலும் பலருக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. அதெல்லாம் இல்லையென்றால் மனச்சோர்வுக்கே மருந்து உண்டு. குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றணும். தூக்க மாத்திரை கொடுத்துச் சுருட்டிப் போடுவது வைத்தியமா?

வளர்ந்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வயசான தாய் கீழ்ப்பாக்கத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் அலைய முடியுமா? ஆவடி, பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரிகளில் மாதம் ஒரு நாளாவது இவர்களுக்கென்றே மனநல டாக்டர் உட்காரட்டும்.