பறவை தின்ற பழம்

சென்ற வாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் ஒன்றில், மலையேறப் புறப்பட்டு நின்ற கூட்டத்தாருக்கு, அவர்களுள் கற்றறிந்தவராகக் காணப்பட்ட ஒருவர், “பறவை கொத்திய பழத்தைப் பயப்படாமல் சாப்பிடலாம், விஷமாக இருந்தால் அது தொட்டிருக்குமா?” என்று உபதேசம் செய்ததையும், சுற்றியிருந்த சிறுவர்கள் அதை வேதவாக்காக ஏற்றுத் தலையசைத்ததையும் கண்டபோது எனக்குண்டான கோபம் இன்னும் அடங்கவில்லை. இது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் மாத்திரமாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். காட்டுவழி நடக்கிறவர்களில் பெரும்பாலோர் குருவியும் குரங்கும் நமக்காக ருசிபார்த்து வைக்கப் பிறந்தவை என்ற பிரமையோடுதான் மலையில் கால் வைக்கிறார்கள்.

அந்த உபதேசம் நடந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வேலியோரத்தில், மஞ்சளரளி ஒன்று காய்த்து நின்றது. பச்சையாக இருக்கையில் விளிம்புகட்டி உருண்டு, பழுத்தபின் கறுத்துக் குழைந்து, காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் வடிக்கும் அந்தப் பழத்தைக் குயில் விரும்பித் தின்கிறது. சாம்பல் இருவாச்சியும் தின்கிறது. தின்றுவிட்டு மறுகிளைக்குப் பறந்து கூவவும் செய்கிறது. அதே பழத்தினுள் இருக்கும் பருப்போ மனிதனுடைய இருதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிரைக் குடிக்க வல்லது என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் அறியாத பாட்டி இல்லை. குயில் தின்கிறதே என்று அரளிப்பழத்தைத் தம் குழந்தையின் கையில் கொடுக்க அந்தக் கனவான் சம்மதிப்பாரா? சம்மதிக்க மாட்டாரென்றால், பெயர் தெரியாத வேறொரு பழத்தை அதே நியாயத்தின் பேரில் பிறர் குழந்தைக்குக் கொடுக்க அவருக்கு என்ன அதிகாரம்?

பறவையின் உடல் வேறு, நம் உடல் வேறு என்பதற்கு ஆராய்ச்சிசாலைக்கும் போக வேண்டியதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கண்ணில் நீர் வராமல் கொறிப்பதைப் பார்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம். மிளகாயின் காரம் பறவையின் நரம்புகளுக்கு உறைப்பதே இல்லை. ‘குரங்கு நம் இனந்தானே’ என்று வாதிப்பவர்கள், இலைதின்னும் கருமந்தியின் வயிறு பல அறைகளாகப் பிரிந்து, உண்ட தழையை நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்துச் செரிப்பது என்பதை மறந்துவிடுகிறார்கள். நமக்கு அத்தகைய வயிற்றைப் பகவான் கொடுக்கவில்லை.

இந்த மூடநம்பிக்கைக்கு உடன்பிறப்புகளும் உண்டு. ‘விஷமானால் கசக்கும்’ என்பது ஒன்று. பாகற்காயும் சுண்டைக்காயும் கசக்கத்தான் செய்கின்றன. அவற்றை உண்டு எவரும் மாளவில்லை. காட்டாமணக்கின் விதையோ வேர்க்கடலைபோல் வாய்க்கு இதமாக இருப்பதனால்தான் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தின்று, வாந்தியெடுத்து, கூட்டங்கூட்டமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார்கள். ‘வேகவைத்தால் விஷம் போய்விடும்’ என்பது இன்னொன்று. இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீளும் செங்காந்தளின் கிழங்கை, மழைக்குப்பின் கொடி பட்டுப்போன காலத்தில் வள்ளிக்கிழங்கென்று மயங்கி, நன்றாக வேகவைத்தே உண்டு இலங்கையிலும் நம் நாட்டிலும் அவதிப்பட்டவர்கள் பலர். பிழைத்தவர்களுக்கும் தலைமயிர் உதிர்ந்துபோனதுண்டு. அதிலுள்ள கோல்கிசின் என்னும் விஷம் அடுப்புச் சூட்டுக்கு அடங்குவதன்று.

காட்டில் உண்ணத்தக்கது ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. களாவும் காரையும் சூரையும் இலந்தையும், நீலகிரியில் கருநீலமாய்ப் பழுக்கும் தவிட்டுப் பழமும், எளிதில் கிட்டுகிற நல்ல ஆகாரங்களே. ஆனால் பளியரும் காணிக்காரரும் இருளரும் இவற்றை எந்தக் குருவியிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எந்தக் கிழங்கைச் சுட்டுத் தின்பது, எதைப் பலமுறை நீர் மாற்றி வேகவைப்பது, எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் பாட்டன் பாட்டியர் கைப்பிடித்துக் காட்டிக் கொடுத்த வித்தை. 2024இல் நம் வனத்துறை 40 மலைநடைப் பாதைகளைத் திறந்தபோது, அந்த மலைமக்களின் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. அந்த வழிகாட்டி ‘வேண்டாம் ஐயா’ என்று தடுக்கும்போதே, கைப்பேசியில் பார்த்த அரை நிமிஷப் படத்தைப் பிரமாணமாகக் காட்டி அவனோடு தர்க்கம் செய்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். பிறந்தது முதல் அந்தக் காட்டிலேயே வளர்ந்தவனுடைய சொல் அவர்களுக்கு ஒரு பறவையின் அலகுக்குக்கூட ஈடாகவில்லை.

இவ்வளவும் போதாதென்று, நன்றாகத் தெரிந்த நெல்லியைக் கண்டாலோ கிளையையே ஒடித்துப் பைகளை நிரப்புகிறார்கள். கேட்டால் ‘காடு எல்லாருக்கும் பொது’ என்று பதில் வருகிறது. சரணாலயத்திலிருந்து அனுமதியின்றி எதையும் எடுத்துச் செல்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமென்கிறது. காலங்காலமாகச் சேகரித்துவந்த சிறுவனப் பொருள்களின்மேல் மலைமக்களுக்கு உரிமை உண்டென்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. விடுமுறை நாள் உல்லாசத்துக்கு வந்தவர்களுக்கு இரண்டாவது சட்டத்தில் பங்கில்லை. அவர்கள் ஒடித்துப்போட்ட கிளையில் அடுத்த பருவத்தில் காய்க்க வேண்டிய நெல்லி, அதைப் பொறுக்கிச் சந்தையில் விற்று அரிசி வாங்கும் ஒரு குடும்பத்துக்கும், உதிர்ந்ததைத் தின்று விதையைக் காடெங்கும் பரப்பும் புள்ளிமானுக்கும் இல்லாமற் போகிறது.