கைபேசி மேல் பழியைப் போடாதீர்கள்

இளைய தலைமுறையைப் பற்றி மனம்திறந்து பேசச் சொன்னால், மூத்த இசைக்கலைஞர்கள் பலர் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள்: பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, கைபேசி வந்து கற்பனையைக் கொன்றுவிட்டது. சாதகத்துக்கு மணிக்கணக்கில் கவனம் வேண்டும், கைபேசி அதைக் கெடுக்கிறது, இதுவரை சரி. கற்பனையே செத்துவிட்டது என்பதை ஏற்க முடியாது.

கைபேசி வருவதற்கு முன்பும் இப்படித்தான் நடந்தது. தில்லைக்குப் போகத் துடித்த நந்தனாரைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதிக்கு, இலக்கணப் பிழை கண்டு நூலைப் பாராட்டும் சிறப்புப் பாயிரம் தர முதலில் மறுத்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பாட்டைக் காதால் கேட்டு உருகிய பிறகே தந்தார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கத்தால் இசையின் தரம் குறையும் என்று எதிர்த்தவர்களில் பெரிய வித்வான்களும் உண்டு. அப்போது யார் கையில் கைபேசி இருந்தது? புதியதைக் கண்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பது பழைய வழக்கம்.

பொறுமை இல்லை என்ற குறைக்கு வருவோம். கடலூரிலும் சிதம்பரத்திலும் நாகசுரம் கற்ற பையனுக்கு முகூர்த்த மாதங்கள்தாம் சோறு போடுகின்றன. அந்த வாய்ப்பையும் செண்டை மேளத்துக்கும் டி.ஜே.வுக்கும் கொடுத்து முன்பணம் நீட்டுவது பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும்தானே? பிழைப்புக்கு வழியில்லாத கலையில் எவன் பொறுமை காப்பான்?

குறை சொல்லும் வித்வான்கள், தங்கள் கச்சேரிக்கு முன் அரைமணி நேரம் ஒரு மாணவருக்கு மேடை வாங்கித் தரட்டும். நாமும் வீட்டுக் கல்யாணத்துக்கு உள்ளூர் நாகசுரத்தை அழைப்போம். பொறுமையைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.