எழுதிய மருந்தும் திரும்பிப் பார்த்தலும்

ஜுரத்துக்கு மருந்து எழுதும் வைத்தியருக்கு மூன்று நாளில் பரீட்சை முடிந்துவிடும். ஜுரம் தணிந்ததா, இல்லையா என்பது வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவாதம் முதலிய நீடித்த வியாதிகளின் விஷயம் அப்படியன்று. ஒரு முறை எழுதிய மருந்து அங்கே வருஷக் கணக்கில் ஓடுகிறது. அதில் தவறு இருந்தால் அதுவும் ஓசைப்படாமல் கூடவே ஓடுகிறது.

இது அபூர்வமாக நேரும் காரியமன்று. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்கள் எழுதிய 6,048 மருந்துகளை ஆராய்ந்து 2012-ஆம் வருஷத்தில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. இருபதில் ஒன்றில் ஏதேனும் பிழை இருந்தது. பெரும்பாலானவை சிறு பிழைகளும் நடுத்தரப் பிழைகளுமே. ஆயினும் 550-க்கு ஒன்று கடுமையானது.

அதே வருஷம் அந்நாட்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி மூன்று தவறுகளை முக்கியமாக எடுத்துக்கொண்டது. முன்பு இரைப்பைப் புண் கண்டவருக்கு, வயிற்றைக் காக்கும் மருந்து சேர்க்காமல் வலி மாத்திரை கொடுப்பது ஒன்று. ஆஸ்துமா உள்ளவருக்கு, மூச்சுக் குழலைச் சுருக்கக்கூடிய பீட்டா பிளாக்கர் கொடுப்பது இரண்டாவது. 75 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குச் சிலவகை இரத்த அழுத்த மருந்துகளையோ நீர் பிரிக்கும் மாத்திரைகளையோ நெடுநாள் கொடுத்து, 15 மாதமாகியும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை செய்யாதிருப்பது மூன்றாவது. இவற்றுள் எதுவும் வைத்தியர் படிக்காத சாஸ்திரமன்று. படித்ததை நோயாளியின் பழைய குறிப்போடு ஒத்துப் பாராததே குறை. மருந்தாளுநர் ஒருவர் வைத்தியருடன் சேர்ந்து குறிப்புகளைச் சரிபார்த்த இடங்களில், ஆறு மாதத்துக்குப் பின் இம்மூன்று தவறுகளும் மற்ற இடங்களைவிடக் குறைந்து காணப்பட்டன.

நாம் உபாத்தியாயர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். கணக்கில் முதற்படி பிசகினால், பின்படிகள் எவ்வளவு ஒழுங்காயிருந்தாலும் விடை பிசகிப்போவதை நித்தியம் பார்க்கிறோம். வைத்தியத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. இரத்த அழுத்தத்துக்காக ஒருவர் அம்லோடிபின் சாப்பிடுகிறார். அதனால் கணுக்கால் வீங்குவதுண்டு. வீக்கத்தைப் புது வியாதியென்று எண்ணி, நீர் பிரிக்கும் மாத்திரை எழுதப்படுகிறது. அது யூரிக் அமிலத்தை ஏற்றுகிறது. கால் பெருவிரலில் கீல்வாதம் காண்கிறது. அதற்கு ஒரு வலி மாத்திரை. அதுவோ இரத்த அழுத்தத்தையே ஏற்ற வல்லது! ஒவ்வொரு படியும் நியாயமாகவே தோன்றும். ஆனால் நோயாளி புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறார், கையில் மூன்று மருந்துகளுடன்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே மருந்தை நிறுத்திவிடலாகாது. பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் இருதயத்துக்கே ஆபத்து நேரலாம். நாம் கேட்டுக்கொள்வது வேறு. வருஷத்துக்கு ஒரு முறையேனும், வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், கடையில் தாமாக வாங்கியவற்றையும் நாட்டு மருந்துகளையும்கூட, ஒரு பையில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். “இது எதற்கு? இன்னும் வேண்டுமா? இந்தப் புதுத் தொந்தரவு பழைய மருந்தால் வந்ததாயிருக்குமோ?” என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் இதை அவமரியாதையாக நினைக்கமாட்டார். கூட்டம் நெருக்கும் வேளையில் அவருக்கு மறந்துபோகக்கூடிய கேள்விகள் இவைதாம்.