ஸ்ட்ராங் ரூம் திரை இருண்டால் பதிவும் போச்சா? கேமராவுக்கும் டிவிக்கும் நடுவில் நடப்பது இதுதான்!

2024 ஏப்ரல் 27. மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து எட்டாவது நாள். ஊட்டியில் நீலகிரி தொகுதியின் வாக்கு இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்த ஸ்ட்ராங் ரூமின் சிசிடிவி திரைகள் திடீரென இருண்டன. சுமார் 20 நிமிடம் படம் வரவில்லை. அதிக வெப்பத்தால் வந்த கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. அடுத்த சில நாட்களில் ஈரோட்டிலும் ஒரு கேமரா பழுதானது.

சேலம் தொகுதி இயந்திரங்களும் அப்போது கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில்தான் பூட்டிக் கிடந்தன. சென்னை முதல் கொண்டப்பநாயக்கன்பட்டி வரை ஓட்டுப் போட்ட யாருக்கும் வரும் சந்தேகம்: படம் போச்சுன்னா, பதிவும் போச்சா?

படம் எப்படி வருது?

ஃபுல் ஹெச்டி வீடியோவை அப்படியே அனுப்பினால் நொடிக்கு 600 மெகாபிட்டுக்கு மேல் ஆகும். அதனால் கேமராவுக்குள் இருக்கும் என்கோடர் அதைச் சுருக்கி, சில மெகாபிட்டாக்கி அனுப்பும். நடுவில் ஸ்விட்ச், கேபிள். மறுமுனையில் டிகோடர் அதை விரித்து டிவியில் காட்டும்.

சுருக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கு. என்கோடர் அவ்வப்போதுதான் முழுப் படம் அனுப்பும். இடையில் போவது 'என்ன மாறியது' என்ற தகவல் மட்டும். முழுப் படத்தில் ஒரு துண்டு தொலைந்தால், அடுத்த முழுப் படம் வரும்வரை திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

தொலைந்ததை மீட்க முடியாதா?

முடியும். யுடிபி முறை அனுப்பிவிட்டு மறந்துவிடும். எஸ்ஆர்டி முறையில், போனில் "கேக்கல, திருப்பிச் சொல்லு" என்பதுபோல் டிகோடர் தொலைந்த துண்டை மட்டும் மறுபடி கேட்கும். அதற்காகப் படம் சில நொடித்துளி தாமதமாக வரும். ஆனால் கரண்டே போனால் எந்த முறையும் உதவாது.

அப்போ பதிவு?

கோளாறு எங்கே என்பதைப் பொறுத்தது. டிவியோ டிகோடரோ மட்டும் பழுதானால், ரெக்கார்டர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஸ்விட்ச் படுத்துவிட்டால் ரெக்கார்டருக்கும் எதுவும் போகாது. அப்போது கேமராவுக்குள் மெமரி கார்டு இருந்து, கேமராவுக்குத் தனியாகக் கரண்டும் வந்தால்தான் பதிவு தப்பும்.

ஏஜென்ட்கள் கேட்க வேண்டியவை

* கேமரா, ஸ்விட்ச், ரெக்கார்டர் மூன்றுக்கும் யுபிஎஸ் இருக்கா?
* கேமராவிலேயே மெமரி கார்டு இருக்கா?
* எல்லாக் கேமராவிலும் ஒரே நேரம் ஓடுதா?
* ரெக்கார்டர் இருக்கும் அறையில் ஏசி இருக்கா?
* திரை இருண்ட நேரத்தின் பதிவை உடனே போட்டுக் காட்டுவார்களா?

வாக்குச்சாவடிகளில் பாதிக்காவது வெப்காஸ்டிங் என்றிருந்ததை, இணைய வசதி உள்ள எல்லாச் சாவடிக்கும் என 2025-ல் தேர்தல் ஆணையம் விரிவாக்கியது. கேமரா கூடக்கூட, அறுந்துபோகும் வாய்ப்பும் கூடும். திரை இருண்டாலே முறைகேடு என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த 20 நிமிடத்தின் பதிவைக் காட்ட முடியாவிட்டால், சந்தேகத்தை எந்த விளக்கத்தாலும் தீர்க்க முடியாது.