கத்திக்கு முன்னே கண்

லேவியராகமத்தின் 13-ஆம் அதிகாரத்திலே, தோலிற் புள்ளி கண்டவன் ஆசாரியனிடத்திற் கொண்டுவரப்படுகின்றான். ஆசாரியன் கையிற் கத்தி இல்லை. அவ்விடம் மற்றைத் தோலினும் பள்ளமாயுளதோ, அங்குள்ள மயிர் வெளுத்துளதோ என்று கண்ணாற் பார்க்கின்றான். ஐயமுறின் ஏழு நாள் அடைத்துவைத்து மீண்டும் பார்க்கின்றான். மேலே நின்று ஆழத்தை அறிவது எங்ஙனம் என்னும் அவ்வினா இன்றைத் தோல் மருத்துவர்க்கும் உண்டு.

மறு என்னுஞ் சொல் நம் மொழியில் மச்சத்தையுங் குறிக்கும், குற்றத்தையுங் குறிக்கும். எந்த மறு தீங்கற்றது, எது மெலனோமா என்னுங் கொடிய புற்றுநோய் என்று துணிதற்கு, அதனை அறுத்தெடுத்துச் சோதிப்பதே நெடுநாள் வழக்கு. நோயில்லை என்று விடை வரின் மகிழ்ச்சியே. ஆயினும் முகத்தில் தழும்பு நின்றுவிடும்.

இவ்விடுக்கணைக் குறைக்க வந்தது கன்போக்கல் நுண்ணோக்கி. மார்வின் மின்ஸ்கி என்பார் 1957-இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஒளியுணரியின் முன்னே ஊசித்துளை ஒன்றை வைத்து, குறித்த ஓரடுக்கினின்று மீளும் ஒளியை மாத்திரம் புகவிடுவதே இதன் சூழ்ச்சி. சுவடியின் கட்டவிழ்க்காமல் நடுவோலையை வாசித்தாற் போலும். 1995-இல் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சார்ந்த மிலிந்த் ராஜாத்யக்ஷரும் உடனுழைத்தோரும், உயிருள்ள மனிதர் தோலை இம்முறையாற் படம்பிடித்து வெளியிட்டனர். வெறுங்கண்ணுக்குக் கரிதாய்த் தோன்றும் மெலனின் என்னும் நிறமி, ஒளியை மிகுதியாய்த் திருப்புதலின், அப்படத்தில் வெண்மையாய் ஒளிர்கின்றது!

இனிக் கத்தியே வேண்டா என்பாருளர். யாம் உடன்படோம். இக்கருவி தெளிவாய்க் காணும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே. மெலனோமாவின் தடிப்பைக் கொண்டு நோயாளி பிழைப்பதை முன்னறியலாம் என்று 1970-இல் பிரெஸ்லோ காட்டினார். அத்தடிப்போ பலபோது இவ்வெல்லையைக் கடந்து நிற்பது. படம் அழகாயிருந்ததென்று ஆழ்ந்த நோயை விட்டுவிடுதல், வீணே அறுத்தலினும் பெரும்பிழையன்றோ?

விலை மிக்கது, பயில்வது அரிது, ஆதலின் இது வேண்டா என்பார்க்கும் யாம் உடன்படோம். பயில்வது அரிதென்பது மெய்யே. அறுத்த தோலை மேலிருந்து கீழாகச் சீவிக் காண்பது நோய்க்கூற்றறிஞர் வழக்கம். இப்படமோ கிடையாகக் காட்டும். பழகிய கண்ணும் இங்கே அரிச்சுவடி தொடங்கவேண்டும். ஆயினும் வெயிலில் நெடுங்காலம் உழன்ற வெண்ணிற முதியோர் முகத்திலே, கரை தெரியாமற் பரவும் ஒருவகை மெலனோமா உண்டு. முழுதும் அறுத்துச் சோதிப்பின் முகங் கெடும். ஓரிடத்தைக் கிள்ளியெடுப்பின், நோயற்ற துண்டே அகப்பட்டு மருத்துவரை ஏமாற்றலாம். அங்கே இக்கருவி முன்சென்று, ஐயத்துக்குரிய இடம் இதுவென்று காட்டுகின்றது. கத்தி அவ்விடத்திற்கு மாத்திரம் பின்செல்கின்றது.